ஒரு நாட்டோட சுற்றுலா உலகப் போட்டியில நிக்குமா? நாமளே கணிச்சுப் பாக்குற வழி

என் அக்கா மகன் பாலிடெக்னிக்ல ஹாஸ்பிடாலிட்டி படிக்கிறான். போன மாசம் ஒரு அசைன்மென்ட்ட தூக்கிட்டு வீட்டுக்கு வந்தான், "மாமா, ஏதாவது ஒரு நாட்டோட டூரிசம் உலக அளவுல எவ்வளவு போட்டி போடுதுன்னு எழுதணுமாம், ரேங்க் எத்தனைன்னு போட்டா போதும்ல?"ன்னு கேட்டான். போதாதுடா தம்பின்னு ஆரம்பிச்சது, ரெண்டு ராத்திரி உக்காந்துட்டோம். நான் சிங்கப்பூர்ல பல வருஷமா லைசன்ஸ் வச்சிருக்க டூர் கைடு, தமிழ்நாட்டுலேந்து வர்ற குடும்பங்களத்தான் அதிகமா கூட்டிட்டுப் போவேன், அதனால இந்த விஷயம் எனக்கு பாடம் இல்ல, சோறு. அவனுக்கு சொன்னதையே இங்க எழுதுறேன், படிக்கிற பசங்களுக்கும் ஆகும், சிராங்கூன் ரோட்டுல கடையோ டிராவல் ஏஜென்சியோ நடத்துறவங்களுக்கும் ஆகும்.

போட்டித்தன்மைன்னு சொன்னா பெரிசா தெரியும், விஷயம் இதுதான். ஒருத்தருக்கு ஒரு வாரம் லீவு, கொஞ்சம் காசு சேத்து வச்சிருக்காரு, அவர் முன்னாடி அஞ்சாறு நாடு இருக்கு. அதுல உங்கள ஏன் எடுத்தாரு, வந்து எவ்வளவு செலவழிச்சாரு, மறுபடி வருவாரா, அவர் வந்து போறதால உள்ளூர்க்காரங்களுக்கு நல்லது நடக்குதா. இந்த நாலையும் சேத்துப் பாக்கணும், ஒண்ண விட்டாலும் கணக்கு தப்பாயிடும்.

முதல் வேலை, யாரோட போட்டின்னு எழுதுங்க. என் மருமகன் "சிங்கப்பூர் எதிர் உலகம்"னு போட்டிருந்தான், அப்படி ஒரு போட்டியே கிடையாது. ஆயிரம் பேர் கூடுற மாநாடுன்னா நமக்கு போட்டி ஹாங்காங், பேங்காக். திருச்சிக்காரர் பிள்ளைங்கள கூட்டிட்டு வர்றாருன்னா போட்டி கோலாலம்பூர், தாய்லாந்து, துபாய். ஆஸ்திரேலியாக்காரர் லண்டன் போற வழியில ரெண்டு நாள் தங்குறாருன்னா போட்டி துபாய், தோஹா. ஆள் மாறினா எதிராளியும் மாறுவான். அதனால ஒரே வரியில எழுதுங்க: எந்த ஊர் ஆள், எதுக்கு வர்றார், நம்மள விட்டா எங்க போவார். நாங்க எடுத்துக்கிட்டது இந்தியாவுலேந்து விடுமுறைக்கு வர்ற குடும்பம், எனக்கு தெரிஞ்ச ஆளுங்க அவங்கதான்.

அடுத்து நம்பர். சிங்கப்பூருக்கு பயணத்துறைக் கழகம் மாசா மாசம் வருகையாளர் கணக்கு போடுது, இலவசமாவே கிடைக்கும். மத்த நாடுகளுக்கும் அவங்கவங்க சுற்றுலா அமைச்சு போடும். ஆனா எடுத்த உடனே பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடாதீங்க, யார எண்ணுறாங்கன்னு அடிக்குறிப்ப படிங்க. நம்ம கணக்குல உட்லண்ட்ஸ், துவாஸ் வழியா தரை மார்க்கமா வர்ற மலேசியர்கள சேக்குறதே இல்ல. மலேசியா 2024-க்கு ரெண்டு நம்பர் சொல்லுது, ஒரு ராத்திரியாவது தங்கினவங்கன்னா சுமார் 25 மில்லியன், காலைல வந்து சாயங்காலம் திரும்பினவங்களையும் சேத்தா சுமார் 38 மில்லியன். எல்லை தாண்டி ஜோகூருக்கு பெட்ரோல் போட, மீன் வாங்கப் போன நம்ம ஆளுங்க எல்லாம் அந்த வித்தியாசத்துல இருக்காங்க. இது தெரியாம "மலேசியா நம்மள விட ரெண்டு மடங்குக்கு மேல"ன்னு எழுதினா லெக்சரர் சிவப்பு மையில வட்டம் போடுவார், போடணும்.

இப்ப தலைக்கு எவ்வளவுன்னு ஒரு வகுத்தல். 2019-ல சிங்கப்பூருக்கு 19.1 மில்லியன் பேர் வந்தாங்க, 27.7 பில்லியன் வெள்ளி (அதாவது சிங்கப்பூர் டாலர்) செலவழிச்சாங்க. 2024-ல 16.5 மில்லியன் பேர்தான், ஆனா 29.8 பில்லியன் வெள்ளி, அதுவரைக்கும் இல்லாத உச்சம். வகுத்துப் பாருங்க, தலைக்கு சுமார் 1,450 வெள்ளியா இருந்தது சுமார் 1,800 ஆயிருக்கு. ஆள் குறைஞ்சு பணம் கூடியிருக்கு, நல்ல சேதின்னு மருமகன் பேனாவ மூடிட்டான். மூடாத, இன்னொரு படி இருக்குன்னேன். இந்த அஞ்சு வருஷத்துல விலைவாசி சுமார் 16 விழுக்காடு ஏறியிருக்கு. 29.8-அ 2019 விலைக்கு கொண்டுவந்தா 25 அரை பில்லியன் சொச்சம்தான் வரும், அதாவது 2019-அ விட கம்மி. தலைக்கு செலவும் 24 விழுக்காடு கூடலே, உண்மையில ஒரு 7 விழுக்காடுதான் கூடியிருக்கு. இது தோராயம்தான், ஏன்னா விலைவாசிக் குறியீடு நம்ம வீட்டுச் செலவ வச்சு போடுறது, சுற்றுலாப் பயணி வாங்குறது ஹோட்டல் ரூமும் டிக்கெட்டும். இருந்தாலும் இந்த ஒரு படிய செய்யாத அறிக்கைய நான் நம்பமாட்டேன். எந்த நாட்டுக்கு செஞ்சாலும் விலையேற்றத்த கழிச்சுட்டுப் பேசுங்க.

மொத்தக் கணக்கு பாத்தாச்சா, இப்ப நீங்க எழுதி வச்ச ஆளுக்கு வாங்க, ஏன்னா மொத்தத்துல எல்லாம் கலந்து ஒளிஞ்சுக்கும். இந்தியாவுலேந்து நமக்கு 2019-ல சுமார் 1.42 மில்லியன் பேர் வந்தாங்க, 2024-ல 1.2 மில்லியன். அதே இந்தியர்கள் தாய்லாந்துக்கு 2019-ல இருபது லட்சத்த ஒட்டிப் போனாங்க, 2024-ல இருபத்தோரு லட்சம். மலேசியாவுக்கு ஏழு லட்சத்துச் சொச்சமா இருந்தது பத்து லட்சத்த தாண்டிருச்சு. ஆக இந்தியக் குடும்பம் வெளிநாடு போறத நிறுத்தலே, நம்ம வாசல தாண்டிப் போகுது. மொத்த நம்பர மட்டும் பாத்திருந்தா இது கண்ணுல பட்டிருக்காது.

ஏன் தாண்டிப் போகுதுன்னு தேடுறதுதான் அசைன்மென்ட்டோட உயிர். தாய்லாந்து 2023 நவம்பர்லயும் மலேசியா அதே வருஷம் டிசம்பர்லயும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம்னு சொன்னாங்க. நம்மகிட்ட வரணும்னா விசா எடுக்கணும், கட்டணம் 30 வெள்ளி, ஏஜென்ட் தன் பங்கு தனியா வாங்குவார், அஞ்சு பேர் குடும்பம்னா பெருக்கிக்கோங்க. விசா எவ்வளவு வேலை செய்யும்னு சந்தேகமா இருந்தா சீனாவ பாருங்க, 2024 பிப்ரவரி 9-லேந்து சிங்கப்பூரும் சீனாவும் ஒருத்தருக்கொருத்தர் 30 நாள் விசா விலக்கு குடுத்தாங்க, 2023-ல 1.4 மில்லியன் கிட்ட இருந்த சீன வருகை 2024-ல 3 மில்லியன தாண்டிருச்சு. ஆனா எல்லாம் விசாவால்னு எழுதிடாதீங்க, அந்த நேரத்துல சீனாவுலேந்து ஃப்ளைட்டுகளும் திரும்பி வந்துச்சு. ஒரு காரணம் சொன்னா, அது இல்லாத வேற காரணம் என்னன்னும் ஒரு வரி எழுதுங்க. இந்தியா விஷயத்துல நாணய மாற்றும் இருக்கு, 2010-ல ஒரு வெள்ளி 33 ரூபா சுமாருக்கு இருந்துச்சு, 2024-ல 60 ரூபாவுக்கு மேல. நாம விலைய ஒரு காசு கூட ஏத்தாம இருந்திருந்தாலும் அவருக்கு எல்லாம் கிட்டத்தட்ட ரெட்டிப்பு விலை.

இதுக்கு அப்புறம்தான் ரேங்க். உலகப் பொருளியல் மன்றம் 2007-லேந்து பயண, சுற்றுலாப் போட்டித்தன்மைக் குறியீடு போட்டுச்சு, இப்ப பேர மாத்தி வளர்ச்சிக் குறியீடுன்னு போடுது. 2019-ல நாம 17-வது, அடுத்ததுல 9-வது, 2024-ல 119 நாடுகள்ல 13-வது. இத ஏறினோம் இறங்கினோம்னு கோடு போட்டு வரையக் கூடாது, ஏன்னா நடுவுல அளக்குற முறையே மாறிருச்சு, அடிக்கோலை மாத்திட்டு பையன் வளந்துட்டான்னு சொல்ற மாதிரி ஆயிடும். இந்தக் குறியீட்ட செக்லிஸ்ட்டா பயன்படுத்துங்க, அதுக்கு இது தங்கம். 17 தூண் வச்சிருக்காங்க: தொழில் சூழல், பாதுகாப்பு, சுகாதாரம், ஆள்பலம், தகவல் தொழில்நுட்பம், அரசு எவ்வளவு முக்கியத்துவம் தருது, விசா மாதிரி கதவு எவ்வளவு திறந்திருக்கு, விலை, விமானம், தரைப் போக்குவரத்தும் துறைமுகமும், ஹோட்டல் மாதிரி வசதிகள், இயற்கை, பண்பாடு, வேலை படிப்புன்னு வர வைக்கிற காரணங்கள், சுற்றுச்சூழல், மக்களுக்கு கிடைக்கிற பலன், கூட்டம் ஒரே இடத்துல ஒரே சீசன்ல குவியுதாங்கிறது. எல்லாத்துக்கும் ஒரு பத்தி எழுத வேண்டாம். உங்க ஆளுக்கு எது வலிக்குமோ அந்த நாலஞ்ச எடுத்து ஆழமா எழுதுங்க.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும், தமிழ் ஆளுங்க எல்லாரும் யோசிக்கணும். இருக்கிறது வேற, இருக்கிறத வச்சு செய்யறது வேற. 2024 குறியீட்டுல இயற்கை வளம், பண்பாட்டு வளம் ரெண்டுலயும் இந்தியா உலகத்துல முதல் பத்துக்குள்ள, ஆனா மொத்தத்துல 39-வது. தஞ்சைப் பெரிய கோயில் இருக்கு, மாமல்லபுரம் இருக்கு, ரெண்டுக்கும் யுனெஸ்கோ முத்திரை இருக்கு, ஆனா அங்க போய் இறங்கினதும் சுத்தமான டாய்லெட் எங்கன்னு தேடணும். நம்மகிட்ட மலையும் கிடையாது, ஆயிரம் வருஷக் கோயிலும் கிடையாது. 1964-ல சுற்றுலாவுக்குன்னு தனி கழகம் வச்சாங்க, அப்புறம் ஒண்ணு ஒண்ணா கட்டினதுதான், 1973-ல விலங்குத் தோட்டம், 1994-ல நைட் சஃபாரி, ராத்திரியில பாக்குற விலங்குத் தோட்டம் உலகத்துலயே அதான் முதல்ல. 2005-ல சூதாட்டக் கூடத்தோட ஒருங்கிணைந்த உல்லாசத்தலம் வேணுமான்னு நாடே வாதாடி, கடைசில சரின்னு சொல்லி, 2010-ல மரினா பே சேண்ட்ஸும் செந்தோசாவுல ரிசார்ட்ஸ் வேர்ல்டும் திறந்தாங்க. உள்ளூர்க்காரங்க கேசினோவுக்குள்ள போக இன்னமும் ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்டணும், பயணிக்கு அது இல்ல. வர்ற காசும் வேணும், நம்ம குடும்பம் சீரழியவும் கூடாதுன்னு போட்ட வேலி அது. நீங்க எழுதுற நாட்டுக்கும் ரெண்டு நெடுவரிசை போடுங்க, இடது பக்கம் இருக்கிறது, வலது பக்கம் அத வச்சு செஞ்சது. வலது பக்கம் காலியா கிடந்தா உங்க அறிக்கைக்கு தலைப்பு கிடைச்சாச்சு.

இப்ப நான் சொல்லப் போற படிய எந்த பாடப்புத்தகத்துலயும் நான் பாக்கலே, ஆனா இதான் எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தது. ஒரே ஒரு குடும்பத்த வீட்டு வாசல்லேந்து வீட்டு வாசல் வரைக்கும் தொடர்ந்து போங்க. போன வருஷம் திருச்சி பக்கத்துலேந்து ஒரு குடும்பம் வந்தாங்க, ஹார்டுவேர் கடை வச்சிருக்கவரு, மனைவி, ரெண்டு பிள்ளைங்க, முட்டி வலியோட அவங்க அம்மா. மூணாவது நாள் காலைல தேக்கா சென்டர்ல தோசை சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தோம், அவர் சட்டைப் பையிலேந்து நீளவாக்குல ஒரு சின்ன நோட்டு எடுத்தாரு, கடைக்கணக்கு எழுதுவாங்கல்ல அந்த மாதிரி. ஒவ்வொரு வரியிலயும் வெள்ளி, பக்கத்துல ரூபா. தண்ணி பாட்டில் கூட எழுதியிருந்தாரு, ரெண்டாம் நாள்லேந்து அந்த வரி இல்ல, ஏன்னு கேட்டேன், "குழாய்த் தண்ணியே குடிக்கலாம்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க"ன்னாரு.

அவரோட நோட்ட நான் ரெண்டா பிரிச்சுப் பாத்தேன், எது அவர இழுத்துச்சு, எது தள்ளுச்சு. இழுத்தது: நாலு மணி நேரத்துல நேரடி ஃப்ளைட்டு. எந்த எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் போனாலும் லிஃப்ட் இருந்ததால அம்மாவ படியேத்த வேண்டியதில்ல. ராத்திரி பதினோரு மணிக்கு பொண்டாட்டி, பொண்ணு, நகையோட ரோட்டுல நடந்து வந்தாங்க, அதுக்கு நோட்டுல விலை இல்ல, ஆனா அந்த அக்கா மூணு தடவ சொன்னாங்க. சாங்கி ஏர்போர்ட் பக்கத்துல இருக்க ஜுவல் மால்ல அந்த 40 மீட்டர் அருவிய பிள்ளைங்க ஒரு மணி நேரம் பாத்துச்சு, ஒரு காசு செலவில்ல. பாட்டி வீரமாகாளியம்மன் கோயில்ல உக்காந்து அர்ச்சகர்கிட்ட தமிழ்லயே ஊர்க்கதை பேசினாங்க, எம்ஆர்டி ஸ்டேஷன்ல தமிழ் எழுத்த பாத்து விரல வச்சுப் படிச்சாங்க. பேங்காக் எவ்வளவு செலவு பண்ணாலும் இத அந்தப் பாட்டிக்கு குடுக்க முடியாது.

தள்ளினது: ரூம். அஞ்சு பேரு ஒரு ரூம்ல தங்க விடமாட்டாங்க, ரெண்டு ரூம் எடுக்கணும், அவரோட நோட்டுல பெரிய வரி அதான். அடுத்து சாப்பாட்டு பில். மெனுவுல 100 வெள்ளின்னு பாத்து ஆர்டர் பண்ணாரு, 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதுக்கு மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி, கையில வந்தது 119 வெள்ளி 90 காசு. ஏமாத்தலே, சட்டப்படி சரிதான், மெனு அடியில ரெண்டு ப்ளஸ் குறி போட்டிருக்கும், ஆனா ஊர்லேந்து வர்றவருக்கு அந்தக் குறி என்னன்னு யார் சொல்லுவா. தொகைய விட அந்த முகச்சுளிப்புதான் ஊருக்குப் போய் பேசப்படும். அதுக்கப்புறம் நான் எல்லா குழுவுக்கும் முதல் நாளே, ஏர்போர்ட்லேந்து வர்ற வேன்லயே இத சொல்லிடுறேன்.

கிளம்புற அன்னிக்கு கேட்டேன், உங்க தம்பி குடும்பம் எங்க போகலாம்னு கேட்டா என்னங்க சொல்வீங்கன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "பிள்ளைங்களுக்கு ஒரு தடவ காட்டணும் அண்ணே, ஊர் எப்படி இருக்கணும்னு தெரியணும்ல. ரெண்டாவது தடவைன்னா மலேசியா போகலாம், பத்துமலை முருகனையும் பாத்தாப்ல ஆச்சு"ன்னாரு. எல்லா அட்டவணையும் சேந்து சொல்ல வேண்டியத அவர் ரெண்டு வாக்கியத்துல சொல்லிட்டாரு. ஒரு தடவ வர்றதுக்கு நாம ஜெயிக்கிறோம், ரெண்டாவது தடவைக்கு தோக்குறோம். உங்க அறிக்கைக்கும் இந்த ஒரே கேள்விய ஒரு இருபது பேர்கிட்டயாவது கேளுங்க. "பிடிச்சிருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் பிடிச்சிருக்குன்னுதான் சொல்வாங்க, "உங்க தம்பிக்கு என்ன சொல்வீங்க"ன்னு கேளுங்க.

இன்னும் ரெண்டு விஷயம் சட்டுனு சொல்லிடறேன். ஒண்ணு, எத்தன கால்ல நிக்குதுன்னு பாருங்க. 2024-ல சீனா, இந்தோனேசியா, இந்தியா மூணும் சேந்து நம்ம வருகையில சுமார் 41 விழுக்காடு. இந்த மூணுல ஒண்ணு தும்மினா நமக்கு ஜுரம். சார்ஸ் நோய் பரவின 2003-ல வருகை 7.6 மில்லியன்லேந்து 6.1 மில்லியனுக்கு இறங்குச்சு, 2020-ல 19.1-லேந்து 2.7-க்கு. அந்த கொரோனா சமயத்துல ரெண்டு வருஷம் எனக்கு ஒரு குழு கூட வரலே, சாப்பாடு டெலிவரி பண்ணித்தான் வீட்டு வாடகை கட்டினேன். அதனால இந்தப் படிய யாராவது சும்மா ஒரு வரியில முடிச்சா எனக்கு மனசு கேக்காது. நல்ல வருஷத்துல எவ்வளவு வருதுங்கிறதோட, கெட்ட வருஷத்துல எவ்வளவு சீக்கிரம் எழுந்து நின்னுச்சுன்னும் எழுதுங்க.

இன்னொண்ணு, வந்த காசு யார் கையில நிக்குது. பயணி ஒரு வெள்ளி குடுத்தா அதுல இறக்குமதிக்கு எவ்வளவு போகுது, வெளிநாட்டு ஹோட்டல் கம்பெனிக்கு எவ்வளவு, உள்ளூர் சம்பளமா எவ்வளவு. நம்ம சாப்பாட்டுல 90 விழுக்காட்டுக்கு மேல வெளியூர்லேந்து வர்றதுதான், அதனால இங்க சாப்பாட்டு பில்லுல நிறைய கசியும். உள்ளூர்க்காரங்க பொறுமையும் ஒரு வளம்தான், வெனிஸ் 2024-ல பகல் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வச்சது, பார்சிலோனாவுல மக்கள் தண்ணித் துப்பாக்கியோட தெருவுல இறங்கினது எல்லாம் அந்த வளம் தீந்துபோனதோட அடையாளம். பூட்டான் வேற வழி எடுத்திருக்கு, கம்மி ஆள் போதும்னு பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிங்ககிட்ட ராத்திரிக்கு 100 அமெரிக்க டாலர் வாங்குது. தாய்லாந்து மாதிரி 35 மில்லியன் பேர் வரலேன்னு பூட்டான தோத்த நாடுன்னு எழுத முடியுமா? அந்த நாடு எத ஜெயிக்கணும்னு நினைக்குதுன்னு பாத்துட்டு மார்க் போடுங்க. சிங்கப்பூர் 2040-க்குள்ள 47-லேந்து 50 பில்லியன் வெள்ளி செலவுத் தொகைன்னு இலக்கு வச்சிருக்கு, தலைய விட தொகைக்குத்தான் முக்கியத்துவம். அப்ப நம்ம மதிப்பெண்ணும் அத வச்சுத்தான்.

எழுதும்போது முதல் பக்கத்துலயே முடிவ சொல்லிடுங்க, எந்த ஆளுக்கு, யாரோட ஒப்பிட்டா, எதுல முன்னாடி, எதுல பின்னாடி, எதனால. மருமகன் எழுதினது இப்படி வந்துச்சு: இந்தியக் குடும்பங்கள் விஷயத்துல சிங்கப்பூர் பாதுகாப்புலயும் போக்குவரத்துலயும் தமிழ் மொழியிலயும் முன்னாடி, விசாவுலயும் ரூம் விலையிலயும் பின்னாடி, முதல் பயணத்துக்கு வலுவா இருக்கு, மறுபயணத்துக்கு இல்ல. கீழ என்ன செய்யலாம்னு மூணு வரி போட்டான், அஞ்சு பேர் தங்குற குடும்ப ரூம், வரியெல்லாம் சேத்த விலைய மெனுவுல போடுறது, லிட்டில் இந்தியாவயும் கேம்பல் லேன்ல இருக்க இந்திய மரபுடைமை நிலையத்தையும் வச்சு பாட்டி தாத்தாவுக்கு மெதுவா நடக்குற தமிழ்ச் சுற்றுலா. மூணாவது என் ஐடியா, அடுத்த மாசம் ரெண்டு குழுவோட நானே நடத்திப் பாக்கப் போறேன், காலைல ஏழரை மணிக்கு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு இருநூறு மீட்டருக்கும் உக்கார ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன்.